காலி பிக்கப்பும் நனைந்த மலைப்பாதையும்: பின்சக்கரப் பிடிப்புக்கு எதில் காசு போடுவது?

ஊட்டியிலிருந்து கேரட்டோ முட்டைகோஸோ ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் பிக்கப், திரும்பும்போது பெரும்பாலும் காலியாக ஏறுகிறது. சிமென்ட், மளிகை, கம்பி என்று மேலே கொண்டு போகும் வண்டிக்கு இது தலைகீழ்: பாரத்தோடு ஏறி, காலியாக இறங்குகிறது. இரண்டு பேருக்கும் பிரச்சினை ஒன்றுதான். பின்சக்கரத்தின் மேல் எடை இல்லாத நேரத்தில்தான் வண்டி தன் வாலை ஆட்டும். ஆனால் எதில் காசு போடலாம் என்று பார்க்கும்போது இருவருக்கும் ஒரே பதில் கிடையாது. காலியாக ஏறுபவருக்குச் சக்கரம் சுற்றாமல் இருக்க வேண்டும். காலியாக இறங்குபவருக்கு வண்டி நிற்க வேண்டும். கடையில் விற்கும் பல தீர்வுகள் முதல் வேலையை மட்டும் செய்பவை. அது தெரியாமல் வாங்குபவர்கள் நிறையப் பேர் இருப்பதால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பொலேரோ பிக்கப், தோஸ்த், குட்டி யானை எல்லாமே பின்சக்கரம் இழுக்கும் வண்டிகள். பொலேரோ அளவிலான ஒரு வண்டியின் காலி எடையை 1,700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இன்ஜினும் கேபினும் முன்னால் இருப்பதால் பின் ஆக்சிலின் மேல் விழுவது ஏறத்தாழ 700 கிலோதான். 10 சதவீத ஏற்றத்தில் இந்த வண்டியை மேலே தள்ள 170 கிலோ அளவுக்கு விசை வேண்டும். நல்ல தார் ரோடு, நல்ல டயர், மழை ஈரம் மட்டும் என்றால் பிடிமானம் எடையில் பாதி அளவு கிடைக்கும். அதாவது 350 கிலோ விசை. கவலையே இல்லை. ஆனால் மேலிருந்து வழிந்த சேறு, யூகலிப்டஸ் இலை, முதல் மழையில் மிதக்கும் ஆயில் இதெல்லாம் சேர்ந்த இடத்தில் பிடிமானம் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு விழலாம். அப்போது கிடைப்பது 140. தேவை 170. சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும்.

கொண்டை ஊசி வளைவில் நிலைமை இன்னும் மோசம். வளைவின் உள் ஓரம் ரோட்டின் நடுப்பகுதியைவிடச் செங்குத்தாக இருக்கும். உள்பக்கப் பின்சக்கரத்தின் எடையும் குறையும். அந்தச் சக்கரம் சேற்றில் இருந்தால் சாதாரண டிஃபரன்ஷியல் (இன்ஜின் விசையை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கர அமைப்பு), இரண்டு பக்கத்துக்கும் அந்தச் சக்கரம் தாங்கும் அளவு விசையை மட்டுமே கொடுக்கும். வெளிப்பக்கச் சக்கரம் நல்ல தாரில் நின்றாலும் பயனில்லை. மேட்டுப்பாளையம்-குன்னூர் ரோட்டில் பர்லியார் பக்கம் மழை நாளில் ஒற்றைச் சக்கரம் புகை விட்டுச் சுற்ற, வண்டி அசையாமல் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

சரி, இதற்கு என்னென்ன வழி இருக்கிறது? நல்ல டயர், பின்னால் பாரம், காற்றழுத்தம், டிஃபரன்ஷியல் லாக் (இரண்டு பின்சக்கரமும் சேர்ந்தே சுற்றும்படி பூட்டுவது), ஃபோர்-வீல் டிரைவ் (நான்கு சக்கரமும் இழுப்பது). என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தார் ரோட்டிலேயே ஓடும் வண்டிக்கு முதல் ரூபாய் பின் டயருக்குத்தான் போக வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஏன் டயர்? ஏறுவதற்கும் வளைவதற்கும் நிற்பதற்கும் ஒரே நேரத்தில் உதவுவது அது ஒன்றுதான். மேலே சொன்ன கணக்கிலேயே பாருங்கள். பிடிமானம் எடையில் 0.2 பங்கிலிருந்து (அதாவது ஐந்தில் ஒன்றிலிருந்து) 0.3 ஆனால் 140 கிலோ விசை 210 ஆகிறது. ஏற்றத்துக்குத் தேவையான 170-ஐத் தாண்டி 40 கிலோ மிச்சம். நிற்பதிலும் அதே கதைதான். 8 சதவீத இறக்கத்தில் 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி, பிடிமானம் 0.3 இருந்தால் நிற்பதற்கு ஏறத்தாழ 29 மீட்டர் எடுக்கும். 0.4 இருந்தால் 20 மீட்டர் போதும். இடையில் இருக்கும் வித்தியாசம் ஒன்றரை பிக்கப் நீளத்துக்கும் அதிகம். முன்னால் பஸ் திரும்பிக்கொண்டிருக்கும்போது அந்த நீளம் ரொம்பப் பெரியது.

இதில் நம் ஊர் வழக்கம் ஒன்று எனக்குப் பெரிய கவலை. புது டயர் வாங்கினால் முன்னால் போடுவார்கள். முன்னால் ஓடித் தேய்ந்ததைப் பின்னால் தள்ளுவார்கள், அல்லது ரீபட்டன் போட்ட (தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டிய) டயரைப் பின்னால் மாட்டுவார்கள். முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் போய்விடும் என்ற பயம்தான் காரணம். பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் மழை ரோட்டில் நடப்பது வேறு. முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து மறுபடி பிடிக்கும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். அதைத் திருத்தும் நேரம் சாதாரண டிரைவருக்குக் கிடைக்காது. இரண்டு டயர் வாங்கத்தான் காசு இருக்கிறது என்றால் புது ஜோடி பின்னால் போகட்டும். அதற்காக முன்னால் மொட்டை டயர் ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. முன்னால் வெடிக்கும் நிலையில் டயர் இருந்தால் அதை எங்கும் மாட்டக் கூடாது.

எப்போது மாற்றுவது? சட்டப்படி பட்டன் ஆழம், அதாவது டயரின் மேல் ஓடும் காடிகளின் ஆழம், குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். காடிகளுக்குள்ளே சின்ன மேடுகள் இருக்கும். தேய்மானம் அந்த மேடு மட்டத்துக்கு வந்துவிட்டால் கதை முடிந்தது. ஆனால் அது கடைசி எல்லை, மழைக்கான எல்லை அல்ல. மலையில் ஓடும் வண்டிக்கு 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்ததும் பின் ஜோடியை மாற்றிவிடலாம் என்பேன். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி சரிவைத்தான் அதிகம் நனைக்கிறது. அதனால் செப்டம்பர் கடைசியில் ஒருமுறை அளந்து பார்த்துவிடுவது நல்லது. பட்டன் ஆழமாக இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. வெயிலில் நின்று நின்று இறுகிய ரப்பர் ஈரத் தாரில் கல் போல நழுவும்.

எந்த வகை டயர் என்பதிலும் ஒரு பொதுவான தவறான எண்ணம் இருக்கிறது. பெரிய பெரிய கட்டிகளாக இருக்கும் லக் டயர்தான் பிடிக்கும் என்று நினைக்கிறார்கள். சேற்றில், தோட்டத்து மண் பாதையில் அது உண்மை. ஈரத் தாரில் இல்லை. அங்கே பிடிப்பது ரோட்டில் படும் ரப்பரின் அளவும், தண்ணீரைக் கீறி வெளியேற்றும் மெல்லிய வெட்டுகளும். கட்டி டயரில் இரண்டுமே குறைவு. தினமும் மண்டிக்கும் டவுனுக்கும் மட்டும் ஓடுபவர் நீளவாட்டில் காடி போட்ட ரிப் டயரையோ, ஓரத்தில் மட்டும் கட்டி வைத்த கலப்பு வகையையோ எடுக்கலாம். ரீபட்டன் பற்றிக் கேட்டால், நல்ல இடத்தில் போட்டது பாரத்தைத் தாங்கும், ஆனால் அந்த ரப்பர் கிலோமீட்டருக்காகச் செய்யப்பட்டது. நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்று கடினமாக இருப்பதால் மழைப் பிடிப்பு குறையலாம். சமவெளியில் ஓட்டுங்கள். மலைக்குப் பின் ஜோடியாக வேண்டாம்.

அடுத்தது பாரம். மணல் மூட்டை போடுவது பழைய வழி, செலவும் இல்லாத வழி. வேலை செய்யுமா? செய்யும், ஆனால் நினைப்பதைவிடக் குறைவாக. 150 கிலோ மணலை ஆக்சிலுக்கு மேலேயே வைத்தால் பின்பக்க எடை 850 ஆகிறது. பிடிமானம் 0.2 இருக்கும் அந்த மோசமான இடத்தில் கிடைக்கும் விசை 170. ஆனால் வண்டியின் மொத்த எடையும் கூடிவிட்டதே! இப்போது ஏறத் தேவைப்படுவது 185. அப்போதும் சக்கரம் சுற்றும். பிடிமானம் 0.25 இருக்கும் இடத்தில் நிலைமை மாறும்: மணல் இல்லாமல் 175-க்கு 170 என்று இழுபறி, மணலோடு 212-க்கு 185 என்று தாராளம். ஆக, விளிம்பில் நிற்கும் வண்டியை மணல் தூக்கிவிடும், விளிம்பைத் தாண்டிப் போனதை மீட்காது.

மணலுக்கு இன்னொரு நல்ல குணம் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. பிக்கப்பின் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் ஒரு டன்னுக்கு மேல் தாங்கச் செய்தது. காலியாக வரும்போது அது வளைவதே இல்லை. ஒட்டுப்போட்ட ரோட்டில் சக்கரம் துள்ளுகிறது, துள்ளும் நேரத்தில் பிடிப்பு பூஜ்யம். 100, 150 கிலோ வைத்தால் ஸ்பிரிங் கொஞ்சம் இறங்கி, சக்கரம் ரோட்டோடு ஒட்டிப் போகிறது. அதிக லோடு ஏற்றுவதற்காக எக்ஸ்ட்ரா பட்டை போட்டவர்கள் இதை யோசிக்க வேண்டும். அந்தக் கூடுதல் பட்டைதான் காலி நேரத்தில் உங்கள் வண்டியைத் துள்ள வைக்கிறது.

எங்கே வைப்பது என்பது எவ்வளவு என்பதைவிட முக்கியம். பலர் பின் கதவை ஒட்டிப் போடுகிறார்கள், பின்னால் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில். ஆக்சிலுக்குப் பின்னால் போகும் ஒவ்வொரு கிலோவும் முன்பக்கத்தைத் தூக்கும். ஸ்டியரிங் லேசாகி, ஈர வளைவில் முன்சக்கரம் சொல் பேச்சு கேட்காமல் போகும். மூட்டை ஆக்சிலுக்கு நேர் மேலே, அல்லது ஒரு கை தூரம் முன்னால். கயிறு போட்டுக் கட்டியே தீர வேண்டும். சிமென்ட் சாக்கில் நிறைய மணல் அடைத்தால் 50 கிலோவைத் தாண்டும், நனைந்தால் இன்னும் கூடும். பிரேக் அடிக்கும்போது அது கேபினை நோக்கி வரும் எடை.

மணலில் உள்ள பெரிய தொல்லை, லோடு ஏற்றும் இடத்தில் அதை எங்கே இறக்குவது என்பது. இறக்காமல் விட்டால் மூன்று மூட்டை கேரட்டின் இடம் போகிறது. ஏற்கெனவே முழு லோடு என்றால் எடை மீறும். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் டன்னுக்கு 2,000. அதனால் காலியாக ஏறுபவருக்கு நான் சொல்வது தண்ணீர். 35 லிட்டர் கேன் நான்கு, விளிம்பு வரை நிரப்பி, ஆக்சிலுக்கு மேல் கட்டினால் 140 கிலோ. மேலே போனதும் திறந்துவிடலாம். பாதி நிரம்பிய டிரம் மட்டும் வேண்டாம். வளைவில் தண்ணீர் ஒரு பக்கமாகப் பாய்ந்து வண்டியை இழுக்கும்.

இதைவிட நல்லது ரிட்டர்ன் லோடு. மலை விவசாயிகளுக்கு உரம், விதைக்கிழங்கு, கடைகளுக்கு அரிசி என்று 300 கிலோ கிடைத்தாலும், வாடகை குறைவாக இருந்தாலும், மழைக்காலத்தில் எடுத்துக்கொள்ளலாம். மணல் செய்யும் வேலையை அது காசு கொடுத்துச் செய்கிறது. ஆனால் ஆட்களை ஏற்றிக்கொண்டு அதைப் பாரம் என்று கணக்குப் பண்ணாதீர்கள். தோட்ட வேலைக்குப் போகிறவர்களைப் பின்னால் நிற்க வைத்து மழையில் ஏறும் வண்டிகளைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. வண்டி சரியும்போது அவர்களைப் பிடித்து நிறுத்த அங்கே எதுவும் இல்லை.

காற்றழுத்தம் பற்றிச் சுருக்கமாக. லோடுக்காகப் பின் டயரில் 60 பிஎஸ்ஐ அடித்துவிட்டு அப்படியே காலியாக ஏறுகிறோம். டயர் ரோட்டில் பதியும் பரப்பு, எடையை அழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பதற்குப் பக்கத்தில் இருக்கும். ஒரு சக்கரத்தில் 350 கிலோ, 60 பிஎஸ்ஐ என்றால் ஏறத்தாழ 83 சதுர சென்டிமீட்டர். 35 பிஎஸ்ஐ என்றால் 142. வித்தியாசம் பெரிதுதான். கம்பெனி ஸ்டிக்கரில் காலிக்கும் லோடுக்கும் தனித்தனி அளவு போட்டிருந்தால் காலி அளவுக்கு இறக்கலாம், அதற்குக் கீழே போகக் கூடாது. இறக்கியவர் மேலே லோடு ஏற்றும் முன் மறுபடி நிரப்பியே ஆக வேண்டும். குறைந்த காற்றோடு ஒரு டன் ஏற்றி மலை இறங்கினால் டயர் சூடாகி வெடிக்கும். மேலே, லோடு ஏற்றும் இடத்துக்குப் பக்கத்தில் காற்று பிடிக்க வசதி இல்லாதவர்கள் இந்த வழியை விட்டுவிடலாம்.

சமவெளியில் வேகமாகப் போகும்போது இன்னொரு ஆபத்து வருகிறது: தேங்கிய தண்ணீரின் மேல் டயர் மிதப்பது. நாசா ஆய்வாளர் வால்டர் ஹார்ன் 1963-இல் விமான டயர்களை வைத்து ஒரு சூத்திரம் கண்டார். அதன்படி அழுத்தம் கூடினால் மிதக்கும் வேகமும் கூடும். 30 பிஎஸ்ஐ டயருக்கு அது மணிக்கு 90 கி.மீ. அளவில் வருகிறது. 60 பிஎஸ்ஐ அடித்தால் பயமில்லை என்று இதை வைத்து நினைக்கத் தோன்றும். ஆனால் லேசான பாரத்தோடு ஓடும் லாரி டயர் இந்தச் சூத்திரத்துக்கு அடங்காது என்பதையும் அவரே பின்னால் காட்டினார். எடை இல்லாதபோது ரோட்டில் பதியும் பகுதி நீளம் குறைந்து அகலமாகிவிடுவதால், கணக்கு சொல்வதைவிடக் குறைந்த வேகத்திலேயே டயர் மிதக்கத் தொடங்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோவைக்குக் காலியாகப் போகும் வண்டி, தண்ணீர் தேங்கிய இடத்தில் பக்கத்தில் போகும் காரின் வேகத்தைப் பார்த்து ஓட்டக் கூடாது.

இனி டிஃபரன்ஷியல் லாக். ஒற்றைச் சக்கரம் சுற்றும் அந்தப் பிரச்சினைக்கு நேரான மருந்து இதுதான். மகிந்திரா தன் ‘தார்’ (Thar) ஜீப்புக்கும் பொலேரோ நியோவுக்கும் கொடுக்கும் ஈட்டன் மெக்கானிக்கல் லாக் போன்றவை, ஒரு சக்கரம் மற்றதைவிட வேகமாகச் சுற்றியதும் தானாகப் பூட்டிக்கொள்ளும், வேகம் எடுத்தால் விட்டுவிடும். டொயோட்டா ஹைலக்ஸில் பட்டன் தட்டிப் பூட்டும் வகை. தோட்டத்துப் பாதையில், சேற்றிலிருந்து வெளியே வர, இதற்கு ஈடு கிடையாது.

தார் ரோட்டுக்கு மட்டும் இதை வாங்குவது வீண் என்பதே என் எண்ணம். காரணம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் சுற்றும்போது மற்றது பக்கவாட்டில் ரோட்டைப் பிடித்துக்கொண்டே இருக்கும். வண்டி ஏறாது, ஆனால் சரியவும் செய்யாது. இரண்டும் பூட்டப்பட்டு, இரண்டும் சேர்ந்து சுற்றினால் பின்பக்கத்தைப் பிடிக்க எதுவும் இருக்காது. மெல்ல வாலைப் பள்ளத்தின் பக்கம் கொண்டு போகும். பூட்டியபடி கொண்டை ஊசியில் திரும்பவும் கூடாது, வண்டி நேராகப் போக முயலும். ஒர்க்‌ஷாப்பில் டிஃபரன்ஷியலை வெல்டு அடித்துப் பூட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஃபோர்-வீல் டிரைவ் ஏற்றத்தில் எல்லாவற்றையும் ஜெயிக்கும். 1,700 கிலோவும் பிடிப்புக்கு வேலை செய்வதால், 0.2 பிடிமானத்திலும் 340 கிலோ விசை கிடைக்கும். மணலும் வேண்டாம், லாக்கும் வேண்டாம். இறக்கத்திலும் ஒரு நன்மை உண்டு: இன்ஜின் பிரேக் பின்சக்கரத்தில் மட்டும் விழாமல் நான்கிலும் பங்காகும். ஆனால் மிதி பிரேக் அடித்து நிற்பதில் பைசா வித்தியாசம் இல்லை. எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்கத்தான் செய்கிறது. ஏறும்போது கிடைத்த தைரியத்தை இறங்கும்போதும் வைத்துக்கொள்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். வேலைக்கு எடுக்கும் பிக்கப்களில் இருப்பது லீவர் போட்டு இணைக்கும் வகை. முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டப்படுவதால் காய்ந்த தாரில் போடவே கூடாது. ஈரத் தாரிலும் கொண்டை ஊசியில் ஸ்டியரிங் முறுக்கிக்கொள்ளும்.

விலை? ஹைலக்ஸ் 30 லட்சம் அளவுக்குப் போகிறது. அந்த விலைக்கு வாடகை கட்டாது. பொலேரோ கேம்பர் ஃபோர்-வீல் டிரைவ் நியாயமான நடுவழி. தேயிலைத் தோட்டத்துக்குள்ளே தினமும் போய்ப் பச்சைத்தேயிலை எடுப்பவர், மண் பாதையின் கடைசியில் தோட்டம் வைத்திருப்பவர், இவர்களுக்கு அது செலவு அல்ல. தினமும் டிராக்டர் கூப்பிட்டு இழுக்கும் காசை ஒரு மழைக்காலம் கூட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ரோட்டோரத் தோட்டத்தில் லோடு எடுத்து நெடுஞ்சாலையில் ஓடுபவர் அந்தக் காசில் பல வருடத்துக்கு நல்ல டயர் மாற்றலாம்.

காலியாக இறங்கும் சிமென்ட், மளிகை வண்டிக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்களுக்கு லாக்காலும் ஃபோர்-வீலாலும் பெரிய பலன் இல்லை. நல்ல பின் டயர், ஆக்சிலுக்கு மேல் 100 கிலோவுக்குக் குறையாத பாரம், பிரேக் செட்டிங், இந்த மூன்றுதான். பின்பக்கம் லேசாக இருக்கும்போது பின் பிரேக்கின் விசையைக் குறைக்க, ஆக்சிலோடு இணைத்த ஒரு வால்வு பல பிக்கப்களில் இருக்கும். எக்ஸ்ட்ரா பட்டை போட்டபோதோ, ஸ்பிரிங் மாற்றியபோதோ அந்த இணைப்பைச் சரிபார்க்காமல் விட்டிருந்தால் பின்சக்கரம் சட்டென்று பூட்டிக்கொள்ளும். மெக்கானிக்கிடம் கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள்.

அப்புறம் கியர். பின்சக்கரம் இழுக்கும் வண்டியில் இன்ஜின் பிரேக் முழுவதும் பின்சக்கரத்தில் விழுகிறது. மூன்றாவதில் வேகமாக வந்து, வளைவுக்குப் பக்கத்தில் இரண்டாவதைப் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டால் அது ஹேண்ட் பிரேக் இழுத்த மாதிரிதான். வளைவுக்கு வெகு முன்னாலேயே, நேர் ரோட்டில், மிதி பிரேக்கில் வேகத்தைக் குறைத்த பிறகு கியரை இறக்கி, கிளட்சை மெல்ல விடுங்கள். மீறிப் பின்பக்கம் நழுவத் தொடங்கினால் பிரேக்கிலிருந்து காலை எடுத்து, கிளட்சை மிதித்து, வால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். 20, 25 கி.மீ. வேகத்தில் இதைச் செய்து மீளுவதற்கு ரோட்டில் இடம் இருக்கும். 40-இல் இருக்காது.